ஃபார்மேட் பண்ணிடலாம் சார்!

நம் ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்களில் பலருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பிரிண்டர் ஓடவில்லையா? ஃபார்மேட். சத்தம் வரவில்லையா? ஃபார்மேட். ஆன் ஆக ஐந்து நிமிஷம் ஆகிறதா? ‘ஃபுல்லா வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்.’ ஜலதோஷம் என்று போனவனின் தலையை எடுத்துவிட்டு, ‘இனிமே தும்மல் வராது’ என்கிற டாக்டரை என்ன செய்வோம்? இவருக்கு மட்டும் காசும் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்புகிறோம்.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்பா ரிட்டயரான பிறகு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு வருஷம் எங்கள் குடும்பக் கதையை டைப் செய்தார். யார் எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தார்கள், எந்த நிலம் யார் கல்யாணத்துக்காக விற்கப்பட்டது, எல்லாம். அவர் போன பிறகும் அந்த ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. பிரிண்ட் எடுக்கணும், எடுக்கணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பேங்க் வெப்சைட் திறக்க மறுத்தது. பாதுகாப்பில்லை என்று ஏதோ மிரட்டல். திரையின் ஓரத்தில் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. வந்த பையன் சொன்ன வைத்தியம் உங்களுக்கே தெரியும். ‘டி டிரைவைத் தொட மாட்டேன் சார், சி மட்டும்தான்.’ சரி என்றேன்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக இருப்பதே சி டிரைவில்தான். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள் கரண்ட் போய் வந்தது. தேதி மறுபடி பின்னால் ஓடியது. பேங்க் மறுபடி கதவைச் சாத்தியது. மதர்போர்டில் சிஆர்2032 என்று காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சில வருஷத்தில் தீர்ந்துவிடும். தேதி தப்பானால், வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். டீ, வடை காசுக்குக் கிடைக்கிற பேட்டரி. அதற்காக அப்பாவின் இரண்டு வருஷம் போயிற்று.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், தப்பு எந்த என்ட்ரியில் என்று தேடத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லெட்ஜரைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. இவர்கள் ஏன் தேடுவதில்லை? தேட நேரமாகும். ஃபார்மேட் என்றால் பென் டிரைவைச் செருகிவிட்டு செல்போன் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம் மேலும் தப்பு உண்டு. ‘ஒரு பேட்டரி மாத்தினதுக்கா முந்நூறு ரூபாய்?’ என்று சண்டைக்குப் போகிற நாமே, ஃபார்மேட்டுக்கு என்றால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம்!

‘ரெண்டு தடவை ஷட் டவுன் பண்ணிட்டேன், சரியாகலை’ என்பார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுசாக அணையாது. இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து தொடங்கும். பாதிப் பிரச்னை அதிலேயே போய்விடும் என்பது என் அனுபவம்.

மெதுவாக இருக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், யார் யார் காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆன்டிவைரஸை விட்டுவிட்டு, வேண்டாதவர்களை டிஸேபிள் செய்யுங்கள். அப்புறமும் டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவிகிதத்திலேயே நிற்கிறது, உள்ளே இருப்பதும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி போடுங்கள். ஃபார்மேட் செய்தால் டிஸ்க் வேகமாகச் சுற்றாது. (ரைட் கிளிக் செய்து பத்துத் தடவை ரெஃப்ரெஷ் கொடுப்பவர்களுக்கு: அது திரையிலுள்ள ஐகான்களைத்தான் புதுப்பிக்கும். வேகம் வராது.)

இப்போது புது மந்திரம் வேறு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. உடனே ‘சிஸ்டத்தையே மாத்திடுங்க சார்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றுவதற்கு முன், மைக்ரோசாஃப்ட் தருகிற ‘பிசி ஹெல்த் செக்’கை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா, தாங்காதா என்று அதுவே சொல்லிவிடும்.

நிஜமாகவே ஃபார்மேட்தான் வழி என்றால், சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, இரண்டு ஃபைலைத் திறந்து பார்த்த பிறகு அந்தப் பையனைக் கை வைக்கச் சொல்லுங்கள். தெரியாமல் ஃபார்மேட் ஆகிவிட்டால், மேற்கொண்டு எதையும் ஏற்றாமல் உடனே அணைத்துவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில், விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்தால், ஓரளவு மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-யில் அநேகமாகக் கிடையாது; ட்ரிம் என்ற ஏற்பாடு, அழிந்த இடத்தைத் துடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் இருந்தது எஸ்எஸ்டி.