புலிச்சட்டை போட்ட தம்பிக்கு

கம்போங் ராஜாவில் போன திருவிழாவுக்குப் பையன்கள் பாயும் புலி போட்ட சட்டையில் வந்தார்கள். முதுகில் 'ஆண்ட பரம்பரை'. "நாம கடாரத்தையே ஜெயிச்சவங்கண்ணே" என்றான் ஒருவன். சரி தம்பி, அந்த 'நாம' யாரு?

1025-இல் ராஜேந்திரன் கடாரத்தைத் தாக்கியது உண்மை. ஆனால் சோழர்கள் அந்த உயரத்துக்கு ஏறிய வழியைப் பாருங்கள். 850 வாக்கில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தான். யாரிடமிருந்து? முத்தரையரிடமிருந்து. அவர்களும் தமிழர்கள்தான். 880-களில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியம் போர். ஒருபுறம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிரே பல்லவன் அபராஜிதன், கங்க மன்னன் முதலாம் பிரிதிவீபதி, விஜயாலயன் மகன் ஆதித்தன். பிரிதிவீபதி செத்தான், பாண்டியன் தோற்றான். கொஞ்ச வருடத்தில், தோளோடு தோள் நின்ற அபராஜிதனையே கொன்று தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான் ஆதித்தன்.

இதில் இனப்பெருமை எங்கே இருக்கிறது? விளைச்சலில் யார் பங்கு வாங்குவது என்கிற சண்டை இது. ஜெயித்தவன் வம்சம் நிலைத்துவிட்டால் அதற்குப் பேரரசின் தொடக்கம் என்று பெயர். இங்கிலாந்திலும் இதே கதைதான். 825-இல் வெசெக்ஸ் அரசன் எக்பர்ட் மெர்சியாவைத் தோற்கடித்தான். அவன் வம்சம் நிலைத்ததால் அங்கிருந்தே இங்கிலாந்தின் கதையை ஆரம்பிக்கிறார்கள்.

நான் பொறியாளன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சுமை கடைசியில் எங்கே இறங்குகிறது என்றுதான் கேட்பேன். ராஜாக்களின் சுமை வயலில் நின்றவன் தலையில் இறங்கியது. நம் முன்னோர் அந்த வயல்காரர்கள். இங்கே படையெடுத்து வரவில்லை. கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறினார்கள். என் பாட்டி முப்பது வருடம் கொழுந்து பறித்தார். வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அன்றைக்கு எந்தச் சோழன் வந்தான்?

"ஏழைக்குக் கொஞ்சம் பெருமை இருந்தா உனக்கென்ன?" என்று கேட்கலாம். அந்தப் பெருமை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் என் பயம். தமிழ்நாட்டில் ராஜராஜன் எங்க சாதி என்று ஆளாளுக்கு மல்லுக்கட்டுகிறார்கள். அந்தச் சண்டை நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. வீடு கேட்டு ஒன்றாக நிற்க வேண்டியவர்கள், செத்த ராஜாவுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தவிர, ராஜா பக்கமே நின்று பார்த்துப் பழகியவன், நாளைக்கு முதலாளி பக்கமும் அப்படியே போய் நிற்பான்.

அடுத்த வருடம் சட்டை அடித்தால் முதுகில் கொழுந்துக்கூடையைப் போடு தம்பி. நம்ம வீட்டில் முதுகில் சுமந்தது அதைத்தான்.