80-ல 'உம்ம்ம்'னு சத்தம்... உங்க கார் டயரை மென்னு தின்னுறது யார்?

மயிலாப்பூர் மாடவீதியில 20-ல ஊர்ந்து போறப்போ கார் சமர்த்தா இருக்கும். ஓ.எம்.ஆர் ஏறி 60-ஐத் தாண்டினதும் 'உம்ம்ம்'னு ஒரு சத்தம் ஆரம்பிக்கும். 80-ல ஸ்டீயரிங் லேசா உதறும். நீங்க பாட்டு வால்யூமைக் கூட்டிட்டுப் போயிடுறீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், டயர் ஒரே சீரா தேயாததுதான். அதுக்கு நம்ம ஏரியா ரோடுகளுக்கும் பங்கு உண்டு.

ரோடு செய்யற வேலை

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தோட மொத்த நீளம் சுமார் 119 கி.மீ. மூன்று வழித்தடங்கள்ல இரண்டு நம்ம பக்கம் வருது. ஒண்ணு மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியா சிப்காட் போகுது. இன்னொண்ணு கலங்கரை விளக்கத்துல தொடங்கி கச்சேரி ரோடு, பனகல் பார்க் வழியா பூந்தமல்லி போகுது. தேவையான திட்டம்தான். ஆனா மாற்றுப்பாதை, ஒட்டுப்போட்ட தார், ரோட்டைவிடத் தாழ்ந்த மேன்ஹோல் மூடினு எல்லா அடியும் முதல்ல விழறது டயர் மேலதான்.

ஒரு பள்ளத்துல 'தடால்'னு இறங்கினா வீல் நிக்கிற கோணம் மாறலாம். அது மாறினா டயர் நேரா உருளாம, ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே போகும். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தா டயர் துள்ளித் துள்ளி ஓடி, அங்கங்கே குழி குழியா தேயும். அந்த மேடுபள்ளம் ரோட்டுல வேகமா தட்டுறதுதான் உங்களுக்கு 'உம்ம்ம்'னு கேட்குது.

டயரைப் படிக்கலாம் வாங்க

காரை நிறுத்தி, டயர் ஆறினதும் பட்டன் மேல உள்ளங்கையை மெதுவா தடவுங்க. கம்பி, ஆணி குத்திடாம கவனம்.

* நடுவுல மட்டும் தேய்ஞ்சிருந்தா: காத்து அதிகம்.
* இரண்டு ஓரமும் தேய்ஞ்சிருந்தா: காத்து குறைவு.
* ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தா, இல்ல ஒரு பக்கமா தடவினா வழவழப்பு, திருப்பித் தடவினா சொரசொரப்புனா: அலைன்மென்ட் போயிருக்கு.
* குழி குழியா இருந்தா: சஸ்பென்ஷன், பேலன்சிங் ரெண்டையும் பார்க்கணும்.

டயரா, பேரிங்கா?

இங்கதான் பல பேர் காசை விடுறாங்க. வீல் பேரிங் போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான் வரும். தார் ரோட்டுலேருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினா, பெரும்பாலும் டயர். வளைவுல இடப்பக்கம் திரும்பறப்போ எடை வலப்பக்க வீல் மேல சாயும். அப்போ மட்டும் சத்தம் கூடினா வலப்பக்க பேரிங் மேல சந்தேகப்படலாம். முன் டயரைப் பின்னாடி மாத்தினதும் சத்தமும் பின்னாடி போச்சுன்னா, சந்தேகமே வேணாம், டயர்தான்.

உதறலுக்கும் கணக்கு இருக்கு. ஸ்டீயரிங் உதறினா முன் வீல், சீட் உதறினா பின் வீல். பிரேக் பிடிக்கிறப்போ மட்டும் உதறினா டிஸ்க்கைப் பாருங்க.

பர்ஸ் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி 28-லேருந்து 18 சதவிகிதமா குறைஞ்சது. வரி சேராம ஒரு டயர் 5,000 ரூபாய்னு வைங்க. நாலு டயருக்கு முன்னாடி 25,600, இப்போ 23,600. லாபம் 2,000 ரூபாய். ஆனா 40,000 கி.மீ ஓட வேண்டிய செட் 25,000-லயே முடிஞ்சா? கிலோமீட்டருக்கு 59 பைசா ஆக வேண்டிய செலவு 94 பைசா ஆகிடும். வரி குறைப்புல மிச்சமானதை ரோடு பிடுங்கிக்குது.

சட்டம் கைகொடுக்குமா? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தோட 198-ஏ பிரிவு, ரோடு பராமரிப்புல தவறு நடந்து மரணமோ ஊனமோ ஏற்பட்டாதான் பொறுப்பானவங்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்குது. உங்க டயர் தேய்ஞ்சதுக்கெல்லாம் அது வராது. பில் உங்களுக்குத்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

கடைக்குப் போனா இந்த வரிசையில கேளுங்க: முதல்ல சஸ்பென்ஷன் செக், அப்புறம் பேலன்சிங், கடைசியா அலைன்மென்ட். புஷ் தளர்ந்திருக்கிறப்போ அலைன்மென்ட் பண்ணினா நிக்காது. முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோட பிரின்ட் கேட்டு வாங்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: அலைன்மென்ட் இனி வரப்போற தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே குழி விழுந்த டயர் சத்தம் போடத்தான் செய்யும்.

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு, டயர் சூடாகறதுக்கு முன்னாடி காத்து பிடிங்க. சுமார் 10,000 கி.மீ-க்கு ஒருமுறை டயரை இடம் மாத்துங்க. பட்டன் ஆழம் 1.6 மி.மீ-க்குக் கீழே போனா சட்டப்படியே ஓட்டக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில அந்த டயர் தண்ணி மேல வழுக்கும், பிரேக் பிடிச்சாலும் நிக்காது. பக்கவாட்டுல வீக்கம் தெரிஞ்சா, அன்னைக்கே மாத்திடுங்க.

கூடவே, உங்க தெருப் பள்ளத்தை மாநகராட்சியோட 1913-ல பதிவு பண்ணுங்க. உங்களுக்கு அது டயர் செலவு. பின்னாடி பைக்ல வர்றவருக்கு உயிர்.