மோட்டாருக்கு முன்னே பின்பலகை

வார இறுதியில் போர்ட் கிள்ளான் பக்கம் மீன்பிடிக்கப் போகும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நடுவில் இருக்கும் பழைய டீசல் என்ஜினைத் தூக்கிவிட்டு, பின்னால் அவுட்போர்டு மாட்டலாமா?"

மாட்டலாம். அதற்குத்தான் 'பாட்' இருக்கிறது. படகின் பின்பலகைக்கு வெளியே பொருத்தும் ஃபைபர் பெட்டி அது. மோட்டார் அதன் முனையில் தொங்கும். என்ஜின் இருந்த இடத்தில் ஐஸ் பெட்டி வைக்கலாம், பிள்ளைகள் உட்காரலாம்.

பெட்டி செய்வது பெரிய வித்தையல்ல. அதைத் தாங்கும் பின்பலகைதான் உயிர். பல படகுகளில் அதன் இருபுறமும் ஃபைபர், நடுவில் பிளைவுட். பழைய துளை வழியே தண்ணீர் புகுந்திருந்தால் வெளியே பளபளப்பு, உள்ளே ஊறிய மரம். சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் தீராவிட்டால் உட்புறம் சிறு துளை போட்டு மரத்தூளைப் பார்ப்பேன்.

அண்மையில் ஒரு நண்பர் 60 குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். தூள் கறுத்து, ஈரமாக வந்தது. "பலகையை மாற்றாமல் பாட் வேண்டாம்" என்றேன். முகம் சுருங்கியது. அந்த மோட்டார் நூறு கிலோவைத் தாண்டும். அரை மீட்டர் தள்ளித் தொங்கினால் ஒவ்வோர் அலைக்கும் கடப்பாரை போல் நெம்பும். நடுக்கடலில் பலகை பிய்ந்தால் படகின் பின்பக்கமே திறந்துவிடும். அவர் கூட்டிப் போவதோ இரண்டு பிள்ளைகளை.

பலகை மாறியது, பிறகுதான் பெட்டி. நம் வெயிலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும். விடிகாலையில், அரை லிட்டர் அரை லிட்டராகக் கலக்குங்கள். கெட்டிப்பான் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஒட்டும் இடத்தில் பெயிண்டையும் ஜெல்கோட்டையும் ஃபைபர் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். போல்ட்டுகள் பலகையை ஊடுருவி, உள்ளே உலோகத் தகட்டோடு இறுக வேண்டும்.

பெட்டியின் அடி, படகின் அடியைவிடச் சற்று மேலே இருக்கட்டும். வேகத்தில் தண்ணீரைத் தொடாது. நிற்கும்போது மூழ்கும் ஒவ்வொரு லிட்டர் அளவும் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். மோட்டாரை ஓரடி பின்னால் தள்ளினால் ஓரங்குலம் உயர்த்துவது வழக்கம். மீதியை ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்து கரையேறியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பெட்டியின் வடிகால் தக்கையைக் கழற்றினால் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது.