பாட்டு யாருடையது? பெட்டி யாருடையது?

ராசிங்காபுரம் டீக்கடை ஒன்றில் ஒரு தர்க்கம் நடந்தது. திருப்பூர் மில்லிலிருந்து லீவில் வந்திருந்த வாலிபர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டார். அதில் வார்த்தையே இல்லை. தும், தும், தும், தும் என்று ஒரே சீராக ஓர் அடி. அதன் மேல் போடிமெட்டில் மஞ்சு இறங்குவது போல மெதுவாக இறங்கும் சுரங்கள்.

மேளம் அடித்துப் பழகிய கை ஒன்று பெஞ்சைத் தட்டியது. "தம்பி, அதை நிறுத்துப்பா. இந்தப் பெட்டி வந்துதான் நம்ம சோத்துல மண்ணு விழுந்துச்சு" என்றார் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெரியவர். அப்போது பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கனவான் ஒருவர் வாய் திறந்தார்: "காட்டு வேலைக்குப் போறவனுக்கு அமெரிக்காப் பாட்டு ஒரு கேடா? வெள்ளைக்காரப் பணக்காரன் குடிச்சுட்டு ஆடுற கூத்து இது."

பெரியவரின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம். கனவானின் பேச்சுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

சிகாகோவை நாம் அறிவோம்

அந்த இசைக்கு 'டீப் ஹவுஸ்' என்று பெயர். பிறந்த ஊர் சிகாகோ. தோழர்களே, சிகாகோவை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே மாதம் தொழிலாளர் திரண்ட ஊர் அது. 1887 நவம்பர் 11 அன்று நான்கு தோழர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியபோது நினைவிலிருந்த ஊர் அது.

அங்கே மேடையில் இசைத்தட்டு சுழற்றிய பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பர், 1977 முதல் 1982 வரை 'வேர்ஹவுஸ்' என்ற கூடத்தில் இரவெல்லாம் பாட்டுப் போட்டார். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. அந்தப் பெயரின் வால்தான் 'ஹவுஸ்'. நம் மொழியில் கிடங்குப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே ஆடியவர்கள் யார்? பணக்கார வெள்ளையரா? இல்லை. கறுப்பு வாலிபர்கள், லத்தீன் அமெரிக்க வம்சத்தார், ஓரினக் காதலர்கள் என்று ஊரார் ஒதுக்கி வைத்தவர்கள். மற்ற இடங்களில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் கிடங்கு இடம் கொடுத்தது.

இப்படிப்பட்டவர்களின் பாட்டின் மேல் அங்குள்ள கனவான்களுக்கும் ஆத்திரம் வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூத்து நடத்தினார்கள். 'டிஸ்கோ' இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட். வந்து குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அன்று அந்த மைதானத்தில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு வாலிபர் பின்னர் சொன்னார்: வந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பர் பாடியவை என்பதால் கொண்டுவரப்பட்டவை. அதே வாலிபர் சில ஆண்டுகளில் முதல் ஹவுஸ் இசைத்தட்டுகளை உண்டாக்கியவர்களில் ஒருவரானார்.

கழித்துப்போட்ட யந்திரம்

டீக்கடையில் ஒலித்த பாட்டின் பெயர் 'கேன் யூ ஃபீல் இட்'. உணர முடிகிறதா என்று பொருள். மே தினப் போராட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1986இல், அதே சிகாகோவில் வெளிவந்தது. செய்தவர் லாரி ஹேர்ட். 1960இல் சிகாகோவில் பிறந்த கறுப்பர். அங்கே கறுப்பு மக்கள் எப்படி வந்தார்கள்? தென் மாகாணங்களின் பருத்திக்காட்டை விட்டு, கசாப்புச் சாலைகளுக்கும் உருக்காலைகளுக்கும் பிழைக்க வந்தார்கள். கூடலூரையும் போடியையும் விட்டு நம் ஜனங்கள் மலையேறியது போலத்தான். அந்த உருக்காலைகளும் நிலைக்கவில்லை. 1980 மார்ச்சில் விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை திடீரென்று கதவைச் சாத்தியது. 3000 பேருக்கு மேல் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

லாரி ஹேர்ட் வாத்தியக் குழுவில் டிரம் அடித்தவர். அங்கே அவர் மெட்டுப் போட இடமில்லை. சர்க்காரின் சமூகக் காப்பு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ரோலண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனியின் 'ஜூனோ 60' வாத்தியப் பெட்டி ஒன்றை வாங்கினார். தாளம் போடும் '909' யந்திரத்தை நண்பரிடம் இரவல் வாங்கினார். வீட்டில் உட்கார்ந்து தாமே தாளமும் தாமே சுரமும் சேர்த்தார். மற்றவர்களின் கிடங்குப் பாட்டு வேகமும் சத்தமுமாக இருக்க, இவருடையது நிதானமாக, நெஞ்சுக்குள் இறங்கியது. 'டீப்', ஆழம், என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த யந்திரங்களின் கதையையும் கேளுங்கள். '909' 1983இல் சந்தைக்கு வந்தது. நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று கடைகளில் தேங்கியது. '303' என்ற இன்னொரு யந்திரம் தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாகச் செய்யப்பட்டது. 1984இலேயே உற்பத்தி நின்றது. சந்தை கழித்துப்போட்ட யந்திரங்கள் பழைய சாமான் கடைக்கு வந்தன. கையில் காசில்லாத வாலிபர்கள் அவற்றை எடுத்து, செய்தவனே நினைக்காத ஓசையை அவற்றிலிருந்து வரவழைத்தார்கள். உலகத்தின் இரவுகளை இன்று ஆட்டிப் படைக்கும் இசை இப்படிப் பிறந்தது. கனவானே, இதில் உங்கள் வெள்ளைக்காரப் பணக்காரன் எங்கே வருகிறான்?

வருகிறான். செய்கிற இடத்தில் அல்ல, எடுக்கிற இடத்தில்.

எடுத்தவனும் எடுபிடியும்

சிகாகோவில் 1984இல் 'டிராக்ஸ்' என்ற இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கிற்று. அதன் முதலாளி லாரி ஷெர்மன் கையில் தட்டு அச்சடிக்கும் ஆலை இருந்தது. பழைய தட்டுகளை உருக்கி அதிலேயே புதிய பாட்டை அச்சடித்ததால், கரகரவென்ற சத்தத்துக்கும் அந்தக் கம்பெனி பேர்போனது. ஆலை அவர் கையில், பாட்டு இவர்கள் கையில். ஆலையில்லாமல் பாட்டு வெளியே போகாது. இந்தக் கணக்கில் யார் ஜெயிப்பார் என்று மில் தொழிலாளிக்கு நாம் பாடம் நடத்த வேண்டுமா?

2020இல் லாரி ஹேர்டும், அவருடன் பாடிய ராபர்ட் ஓவன்ஸும் கோர்ட்டுக்குப் போனார்கள். விவரமறியாத வாலிபர்களிடம் சொற்பத் தொகை கொடுத்து, பின்னால் பங்கு வரும் என்று வாய்வார்த்தை சொல்லி, உரிமையை எழுதி வாங்கினார்கள். பங்கு வரவேயில்லை என்பது அவர்கள் தொடுத்த வழக்கு. 2022 ஆகஸ்டில் சமரசமாயிற்று. அவர்கள் செய்த இசையின் உரிமை அவர்கள் கைக்கே திரும்பியது. 1986க்கும் 2022க்கும் நடுவே 36 ஆண்டு! இருபத்தாறு வயதில் செய்த பாட்டு அறுபத்திரண்டு வயதில் செய்தவருக்குச் சொந்தமாயிற்று. அதே ஆண்டில் மார்ஷல் ஜெபர்சன் முதலிய வேறு பல கலைஞர்களும் அதே கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். ஒருவர் துணிந்தால் பலர் வருவார்கள். சங்கம் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். லாரி ஹேர்ட் 1985இலேயே தம் முதல் தட்டை 'அலிவியேட்டட்' என்ற சொந்தப் பெயரில் வெளியிட்டவர். பெரிய கம்பெனிகள் வந்தன, போயின. 2018இல் 'செரிப்ரல் ஹெமிஸ்பியர்ஸ்' என்ற நீண்ட தொகுப்பையும், 2022இல் 'அரவுண்ட் தி சன்' முதல் பகுதியையும் அந்தச் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அறுபது வயதுக்காரர் யாருக்கும் கைகட்டாமல் தாமே செய்து தாமே விற்கிறார். அவர் பாட்டின் அமைதிக்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது.

கங்காணி இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டார். 2024இல் 'ஸ்பாட்டிபை' கம்பெனி ஒரு விதி போட்டது: பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு, பதிவுக்கான பங்கு கிடையாது. உங்கள் கூடையில் எடை குறைந்தால் கூலியே கிடையாது என்று எஸ்டேட்டில் சொன்னால் மலை சும்மா இருக்குமா? எடுத்த காய் மட்டும் ஸ்டோரில் உலர்ந்து விலையாகும். எடுத்தவளுக்கு ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பெயர் வியாபாரமா?

நம் மலையடிவாரத்தில்

'இதெல்லாம் அமெரிக்காச் சங்கதி' என்று கனவான் எழுந்து போகப் பார்க்கலாம். உட்காருங்கள் ஐயா. இதே மலையடிவாரத்தில் பண்ணைப்புரம் இருக்கிறது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸின் வெற்றிக்காக, தேயிலைக் கூலிகளின் லயங்களுக்கு முன்னால் நின்று பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். அவர் தம்பி இளையராஜா, அண்ணனின் குழுவில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். சிகாகோவில் 'கேன் யூ ஃபீல் இட்' வெளிவந்த அதே 1986இல், 'புன்னகை மன்னன்' படத்தில் அவர் கணினி யந்திர இசையைக் கையாண்டார். கூலிகளுக்காகப் பாடிய குழுவிலிருந்து வந்த கைக்கு யந்திரம் அந்நியமாயிருக்கவில்லை.

பம்பாய்க்குப் போவோம். சினிமாப் பாட்டுக்கு வாசித்துப் பிழைத்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டின் '808', '303', 'ஜூப்பிட்டர் 8' என்ற மூன்று யந்திரங்களில் பத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். '303' கொண்டு சிகாகோ வாலிபர்கள் செய்த புகழ்பெற்ற தட்டு 1987இல்தான் வந்தது. நம் ஆள் ஐந்தாண்டு முந்தி! ஆனால் தட்டு விற்கவில்லை, மறந்துபோயிற்று. 2010இல் ஹாலந்துக்காரர் ஒருவர் தேடிப்பிடித்து மறுபடி வெளியிட்ட பிறகே உலகம் அவர் பெயரைக் கேட்டது. 2015இல் காலமானார். கலை நம்மிடம் குறைவில்லை. அதை வாங்கி மூலையில் போடும் கம்பெனிக்கும் குறைவில்லை.

சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாப் பாட்டு கொட்டகைக்கு வெளியே ஒலித்துக் காசானால், எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சமபங்கு உண்டு. அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றாயிற்று. நல்லது. ஆனால் பின்னால் உட்கார்ந்து வயலின் இழுத்தவர், தபேலா தட்டியவர் கதை என்ன? கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கிப் போனார்கள். யந்திரம் வந்ததும் பலருக்கு அந்தக் கால்ஷீட்டும் நின்றது.

பெரியவருக்கு ஒரு வார்த்தை

இப்போது பெரியவரிடம் வருவோம். உங்கள் கோபம் நியாயம், ஐயா. திருவிழாவுக்குப் பத்துப் பேர் மேளம் அடித்த இடத்தில் இன்று ஒரு வேனும் இரண்டு ஒலிபெருக்கியும் நிற்கின்றன. பத்து அடுப்பு அணைந்தது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறோம். மேளம் உங்கள் தோளில் இருந்த காலத்தில், அது உங்கள் இஷ்டப்படியா ஒலித்தது? எந்தச் சாவுக்கு அடிப்பது, எந்தத் தெருவில் நிற்பது, என்ன கூலி என்பதை யார் சொன்னார்? ஊர்ப் பெரியதனக்காரர் சொன்னார். தோல் உங்களுடையது, கை உங்களுடையது, உத்தரவு அவருடையது. அன்று உங்களை விரட்டி அடிக்கச் சொன்ன அதே கைதான் இன்று உங்களை வேண்டாமென்று வேனைக் கூப்பிடுகிறது. கோபத்தைப் பெட்டி மேல் காட்டினால் அந்தக் கை தப்பிவிடும்.

தறியை உடைத்த தொழிலாளரின் சரித்திரம் நமக்குத் தெரியும். தறி மறுபடி வந்தது. உடைத்தவர் சிறைக்குப் போனார். தறி யாருடையது என்று கேட்டபோதுதான் சங்கம் பிறந்தது. பெட்டி விஷயத்திலும் அதுவே வழி.

ஆகவே நாம் சொல்வது மூன்று. விழாக் கமிட்டி வேனுக்குக் கொடுக்கத் துணிகிற பணத்தில் மேளக்காரருக்கு முன்கூட்டியே பேசிய, எழுத்தில் வாங்கிய கூலி வேண்டும். அதைத் தனித்தனியாக அல்ல, சங்கமாகக் கேட்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த யந்திரத்தைக் கற்க வேண்டும். மேளத்தின் அடி அவர்கள் கையில் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். கடைசியாக, பாட்டை வாங்க வருகிறவன் நீட்டும் காகிதத்தில், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. சிகாகோக்காரர் ஒருவர் தம் பாட்டை மீட்க 36 ஆண்டு ஆயிற்று. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

அந்த வாலிபர் விடுமுறை முடிந்து மில்லுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த முறை வரும்போது அந்தப் பாட்டை மறுபடி போடட்டும். பெரியவர் தம் மேளத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரட்டும். இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்க நாமும் வருகிறோம். கனவானுக்கும் பெஞ்சில் இடம் இருக்கிறது. டீக்காசு மட்டும் அவர் கொடுக்கட்டும்.