அபயம் கேட்டோர்க்கு விடை எங்கே?

அரபு மொழியில் 'ஜார்' என்னும் சொல் அண்டை வீட்டாரைக் குறிக்கும். அச்சொல் பிறந்த வேரிலிருந்தே 'ஜிவார்' என்னும் சொல்லும் பிறந்தது. அதற்கு அடைக்கலம் என்பது பொருள். அடைக்கலம் கோருவதை 'இஸ்திஜாரா' என்பர். ஆகவே, உயிருக்கு அஞ்சி ஓடிவந்து நம் வாசலில் நிற்பவன் பிச்சை கேட்கவில்லை. 'என்னை உன் அண்டை வீட்டானாக ஏற்பாயா?' என்றே கேட்கிறான். 'ஆம்' என்பது அதற்கு ஒரு விடை. 'இல்லை' என்பதும், கசப்பானதாயினும், ஒரு விடையே. ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்தி வைப்பதற்கு என்ன பெயர்? நமக்குத் தெரிந்த அரபிலும் அதற்குச் சொல் இல்லை, தமிழிலும் இல்லை. நம் நாடு செய்துகொண்டிருப்பது அதனைத்தான்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது கட்டவிழ்த்து விடப்பட்ட வன்கொடுமைக்குப் பின், பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகக் கரையில் ஒதுங்கியோர் பல ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆவர். தாயகம் திரும்பியோரும் மேலை நாடுகளுக்குப் பெயர்ந்தோரும் போக, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்து வந்தனர். 1983-இல் தாயின் இடுப்பில் அமர்ந்து படகேறிய குழந்தைக்கு இன்று தலை நரைத்திருக்கும். அக்குழந்தை பெற்ற பிள்ளைகளும் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, இன்று மணவயதை எட்டியிருப்பர்.

இவர்கள் சட்டத்தின் முன் யார்? அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. ஆகவே ஒருவரின் விண்ணப்பத்தைப் பெற்று, விசாரித்து, இத்தனை நாளுக்குள் முடிவு சொல்லியே ஆகவேண்டும் என்று கடமைப்பட்ட அதிகாரி எவரும் இல்லை. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தமோ, உரிய ஆவணமின்றி நுழைந்தோர் அனைவரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் ஒரே சொல்லில் அடைத்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழிகளை அவர்களுக்கு மூடிவிட்டது. குண்டுவீச்சுக்குத் தப்பி நள்ளிரவில் படகேறியவர்கள் கடவுச்சீட்டில் முத்திரை பெற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும் போலும்! 1987 ஜூலை முதல் நாளிலிருந்து இம்மண்ணில் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இராவிட்டால், பிறப்பால் குடியுரிமை இல்லை. பிறந்த மண்ணிலேயே அயலான் என்னும் பட்டத்தைத் தொட்டிலிலேயே சூட்டிவிடுகிறோம்.

காஞ்சியில் வாழும் நமக்குத் தறியை விட்டால் வேறு உவமை தோன்றுவதில்லை. தறியில் பாவு பூட்டியாயிற்று. ஊடை ஓட்டக்கூடாது, பாவை அறுத்தெடுக்கவும் கூடாது, தறியை விட்டு எழுந்திருக்கவும் கூடாது என்று ஒரு நெசவாளியிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? பட்டிழையில் தூசு படியும். இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறும். நெய்யப்படாத அந்தப் பாவுதான் முகாமில் கழியும் ஒரு வாழ்நாள்.

'உண்ண அரிசி தந்தோம், உதவித்தொகை தந்தோம், வீடும் கட்டித் தருகிறோம். இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்போர் உளர். தந்ததை நாம் மறுக்கவில்லை. 2021-இல் தமிழக அரசு ரூ. 317 கோடியில் திட்டம் வகுத்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நன்றி பாராட்ட வேண்டிய செயல்களே இவை. ஆயினும் குடியுரிமை வழங்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. முகாமின் பெயர் மாறியது. உள்ளே இருப்போரின் நிலை மாறவில்லை. பட்டம் பெற்ற இளைஞனுக்கு அரசு வேலை இல்லை, வாக்கு இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. வயிற்றுக்குச் சோறிடுவது தருமம். 'நீ யார்?' என்ற கேள்விக்கு விடை தருவது நீதி. தருமம் செய்துவிட்டோம் என்பதால் நீதிக்கடன் தீர்ந்துவிடாது.

'நாட்டின் பாதுகாப்பை எண்ண வேண்டாமா?' என்பது அடுத்த வினா. எண்ணத்தான் வேண்டும். 1991 மே 21-ஆம் நாள் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் இன்று நம் காஞ்சி மாவட்டத்தில்தான் உள்ளது. அக்கொடுமையின் வேதனையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று மண்டபத்தில் வரிசையில் நின்று அரிசி வாங்கிய கிழவியும் அவள் மடியில் உறங்கிய குழந்தையும் அக்குற்றத்தில் பங்குகொண்டவர்களா? ஒருவர் செய்த பாவத்தின் சுமையை மற்றொருவர் முதுகில் ஏற்றுவதைத் திருமறை அனுமதிப்பதில்லை. ஐயம் இருப்பின் ஆளுக்கு ஆள் விசாரிக்கட்டும். விசாரியாமலே ஒரு கூட்டத்தை முழுவதும் காத்திருக்கச் செய்வது பாதுகாப்பு ஆகாது. அது விசாரணையைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

2025 மே மாதம், தம்மை நாடு கடத்த வேண்டாமெனக் கோரி இலங்கைத் தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கில், உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தருமசத்திரம் அன்று என்னும் கருத்து உச்ச நீதிமன்ற அமர்விலிருந்து வெளிப்பட்டது. நீதிமன்றத்தின்பால் நமக்குள்ள மதிப்புக் குறையாமலே ஒன்று சொல்வோம். சத்திரங்கள் இன்னவை என்பதைக் கோயில் நகரமாகிய காஞ்சி நன்கறியும். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசித்தோர்க்கெல்லாம் உணவிட்ட ஊராகத் தமிழ்க் காப்பியம் காட்டுவது இந்தக் காஞ்சியைத்தான். சத்திரத்தில் படுத்தவனிடமும் மறுநாள் விடிந்ததும் 'புறப்படுகிறாயா, இன்னும் இருக்கப் போகிறாயா?' என்று கேட்பார்கள். நாற்பதாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அங்கேயே பெற்று வளர்த்து, அங்கேயே இறந்தோரை அடக்கம் செய்தவர்களை வழிப்போக்கர் என்பது எவ்வகையில் பொருந்தும்?

நீதி வழங்க விரும்பும் அரசுக்கு எவ்வளவு காலம் தேவை? நம் வரலாற்றில் ஓர் அளவுகோல் இருக்கிறது. மக்காக் குறைஷியரின் கொடுமை தாளாமல் நபித்தோழர்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது, அவர்களைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக் குறைஷியர் பரிசுப் பொருள்களோடு தூதரை அனுப்பினர். அங்கு ஆண்ட நஜாஷி கிறிஸ்தவர். வந்தவர்கள் வேற்று நாட்டார், வேற்று மொழியினர். ஆயினும் அவர் தூதரின் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்கவில்லை. அடைக்கலம் புகுந்தோரை அழைத்தார், ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் வாதத்தைச் செவிமடுத்தார், தீர்ப்புரைத்தார். மறுநாள் தூதர் புதிய குற்றச்சாட்டொன்றைக் கொண்டுவந்தபோது மீண்டும் அழைத்துக் கேட்டார்; மீண்டும் தீர்ப்புரைத்தார். பரிசுகள் திருப்பி அனுப்பப்பட்டன. இரண்டே அமர்வுகளில் வழக்கு முடிந்தது! தட்டச்சுப் பொறியும் கணினியும் இல்லாத காலத்து மன்னருக்கு இயன்றது நம் அரசுக்கு இயலாதா?

அது அந்தக் காலம் என்பீராயின், நம் காலத்திலும் சான்று உண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பரப்பில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். கனடா அவர்களுக்கு விரைவிலேயே தங்கவும் உழைக்கவும் அனுமதி வழங்கியது. அதே ஆண்டில் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தமையால் அன்றே இருந்த சட்டப்படி அக்குழந்தை இந்தியக் குடிமகள். ஆனால் அவர் வளர்ந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி, கடவுச்சீட்டு வழங்குமாறு தீர்ப்புப் பெற்றது 2022-இல்தான். 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். கையிலிருந்த உரிமை கையிலிருப்பதாகத் தெரிந்துகொள்ளவே முப்பத்தாறு ஆண்டுகள்!

அதே மதுரைக் கிளை 2019 ஜூன் மாதத்தில், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரங்களுக்குள் முடிவு காணுமாறு மத்திய அரசைப் பணித்தது. வாரங்கள் ஓடின, ஆண்டுகளும் ஓடின, முகாம்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. நல்லதே. எனினும் 'உன்னைத் தண்டிக்க மாட்டேன்' என்பதும் 'உன்னை ஏற்றுக்கொண்டேன்' என்பதும் ஒன்றாகா.

இனி நம் சமுதாயத்தாரிடம் ஒரு சொல். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது, முஸ்லிம்களை விட்டுவிட்டது. நாம் வீதிக்கு வந்து 'எங்களை ஏன் விட்டீர்கள்?' என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதே சட்டம் இலங்கைத் தமிழரையும் விட்டுவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர்களும் உளர். அவர்களுக்காக நம் மேடைகளில் எழுந்த குரல் எவ்வளவு? கேளம்பாக்கத்தில் தஞ்சமடைந்த ரோஹிங்கியா முஸ்லிம்களின் துயரைப் பேசும் நம் நா, கும்மிடிப்பூண்டி முகாமைப் பேசும்போது ஏன் தடுமாறுகிறது?

'1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியவர்கள் அல்லவா?' என்று நம்மில் சிலர் முணுமுணுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டதும், அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாடியதும் ஆறாத புண். அதைச் செய்தது விடுதலைப் புலிகள் இயக்கம். முகாமில் வாழும் ஏழையல்லன். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதியினின்று நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பது இறைக்கட்டளை. தாயிஃபிலிருந்து கல்லடிபட்டுத் திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைந்தது முத்இம் இப்னு அதீ என்பவரின் ஜிவாரில். அவர் இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். அண்ணலார் ஏற்ற அடைக்கலத்திலேயே சமயம் குறுக்கே நிற்கவில்லை. நாம் கோரும் அடைக்கலத்தில் அது நிற்கலாமா?

நாம் வேண்டுவது மூன்று. அகதிகளுக்கெனச் சட்டம் வேண்டும். அதில் முடிவு கூறுவதற்கான கால எல்லை குறிக்கப்பட வேண்டும். இம்மண்ணில் பிறந்தோர்க்கும், இங்கேயே வாழ விரும்புவோர்க்கும் குடியுரிமை வேண்டும். திரும்ப விரும்புவோர் அச்சமின்றித் திரும்ப வகை செய்யப்பட வேண்டும். அடைக்கலம் கேட்டவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கும் கடமையைத் திருமறையின் தௌபா அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அரசு செய்யும்வரை நாமும் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. 1987 ஜூலைக்கு முன் முகாம்களில் பிறந்தோர் எத்தனை பேர் தம் உரிமையை அறியாமல் இருக்கிறார்களோ! அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடித்தரவும், மனு எழுதித்தரவும், வழக்கறிஞரைக் காட்டவும் நம் ஜமாஅத்துகளால் இயலும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரும் ஒரு மேசையும் இருந்தால் போதும். பெருந்தொகை எதுவும் தேவையில்லை.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மறுமையில் நாம் வினவப்படுவோம். அவர்கள் நம் வாசலில் நின்ற ஆண்டுகளும் அன்று எண்ணப்படும்.