மாலையிட்டு மறக்கலாமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில் நாடெங்கும் பாராட்டு விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. கோயில் மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். யார் எத்தனை ‘ஏ’ பெற்றார் என்பது ஒலிபெருக்கியில் முழங்குகிறது. மாலை விழுகிறது, பெரிய அட்டையில் எழுதிய காசோலை நீட்டப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. நாளிதழில் வரும் படத்தின் கீழே கொடுத்தவர் பெயர் முதலிலும் பெற்றவர் பெயர் கடைசியிலும் இருக்கும். அத்துடன் அந்த மாணவருக்கும் அவரைப் போற்றிய இயக்கத்துக்கும் இருந்த உறவு முடிந்துபோகிறது.

சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் சிறப்புநிலைப் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருப்பார். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார். அயல்நாடு சென்று மேற்படிப்பைத் தொடரும் தகுதியும் அவருக்கு இருக்கும். ஆனால், எந்த உபகாரச் சம்பளத்துக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது, யாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது, ஆய்வுத் திட்டத்தை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆள் இராது. மாலையிட்ட கைகள் அப்பொழுது எங்கே போயின? இந்தக் கேள்விக்கு இந்நாட்டுத் தமிழ் இயக்கங்கள் விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றன.

கொடுக்கும் மனம் இந்தச் சமுதாயத்துக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, தமிழுக்கு அங்கே உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாக வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரண்டது. உழைத்துப் பிழைத்த எளிய மக்களும் அதற்குக் கொடுத்தார்கள். 1956-இல் துறை அமைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து தவணை தவணையாகக் கட்டிய பங்குப் பணம் அதன் முதலாயிற்று. 1982-இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள்.

இம்முயற்சிகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. ஒன்றேனும் ஒருநாள் விழாவோடு முடிந்துவிடவில்லை. நிதி ஒரு துறைக்குத் துணையாயிற்று. பங்குப் பணம் நிலமாயிற்று. உதவி வாரந்தோறும் நடக்கும் வகுப்பாயிற்று. கொடுத்ததோடு நில்லாமல் தொடர்ந்து உடன் நின்றதால் அவை பயன் தந்தன. இன்றைய பாராட்டு விழாக்கள் கற்க மறந்த பாடம் இதுவே.

பல்கலைக்கழகம் புகுந்துவிட்டால் மாணவர் கரை சேர்ந்துவிட்டார் என்பது ஒரு மயக்கம். உண்மையில் அங்கேதான் ஆழம் தொடங்குகிறது. பல்கலைக்கழக மதிப்பெண் பருவந்தோறும் சேர்ந்து சேர்ந்து ஒரே சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. முதலாண்டில் இறங்கிய சராசரியை இறுதியாண்டில் ஏற்றுவது பெரும்பாடு. கையில் பணமில்லாத மாணவர் முதலாண்டிலேயே இரவு வேலைக்குப் போகிறார். மறுநாள் காலை விரிவுரையில் கண் அயர்கிறார். முதல் வகுப்பு வாங்க வேண்டியவர் இரண்டாம் வகுப்பில் நின்றுவிடுகிறார். 1997-இல் தோன்றிய உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என்., முதல் வகுப்புச் சிறப்புநிலைப் பட்டம் பெறுவோருக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு அளித்து வந்திருக்கிறது. அதன் விதிகள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. ஆனால் அப்படி ஒரு சலுகை இருப்பதையே இறுதியாண்டில்தான் அறிகிறவர்க்கு அதனால் என்ன பயன்? முதலாண்டில் கிடைக்கும் ஆயிரம் வெள்ளியும் ஓர் அறிவுரையும், பட்டமளிப்பு நாளில் கிடைக்கும் பத்தாயிரம் வெள்ளியைவிட மேலானவை.

அயல்நாட்டு உபகாரச் சம்பளம் குலுக்குச் சீட்டில் விழும் பரிசு அன்று. அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கம் 1983-இல் தொடங்கிய செவனிங் உபகாரச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு உதவும் அத்திட்டம், விண்ணப்பிப்பவரிடம் இரண்டாண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்க்கிறது. ஆகவே, பட்டம் பெற்றவுடன் எந்த வேலையில் சேர்வது என்பதையே அதை மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும். ஜப்பானிய அரசாங்கத்தின் ஆய்வு மாணவர் திட்டம் தெளிவான ஆய்வுத் திட்டம் ஒன்றைக் கேட்கிறது. அமெரிக்காவுக்கான புல்பிரைட் திட்டத்தை, இந்நாட்டில் 1963-இல் அமைந்த மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் கவனித்து வருகிறது. இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் மாணவரை நன்கறிந்தவர்களின் பரிந்துரைக் கடிதம் தேவை.

இங்கேதான் தமிழ் மாணவர் பலர் தடுமாறுகிறார்கள். பெரியவர் முன் வாய் திறவாமல் நிற்பதே பணிவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்கிறது. ஐயம் இருந்தாலும் கேட்பதில்லை. விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டுவதில்லை. நான்காண்டு கழிந்த பின்னும் விரிவுரையாளருக்கு அதன் பெயர் தெரியாது. பெயரே தெரியாத மாணவருக்கு எவர் பரிந்துரை எழுதுவார்? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த நடைமுறைகளை வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்ட பிள்ளைக்கு அதைச் சொல்ல வெளியார் ஒருவர் வேண்டும். அவரே வழிகாட்டி. அவர் இல்லாத இடத்தில் வெறும் பணம் பாதி வழி வரைதான் கொண்டு செல்லும்.

இன்னொரு வாயிலும் அறியப்படாமலே கிடக்கிறது. பட்டப் படிப்பின் நடுவிலேயே ஒரு பருவம் அயல்நாட்டில் பயின்று திரும்பும் பரிமாற்றத் திட்டங்கள் உள்ளன. 2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் தொடங்கிய திட்டம் பிறகு ஆசியான் மாணவர் பரிமாற்றத் திட்டமாக விரிந்தது. பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் உண்டு. அத்தகைய ஒப்பந்தத்தின்படி செல்பவர் பெரும்பாலும் தம் பல்கலைக்கழகத்துக்குரிய கட்டணத்தையே செலுத்துகிறார். விமானச் செலவும் தங்கும் செலவுமே தடை. அந்தத் தடையை நீக்க ஓர் இயக்கத்தின் ஓர் இரவு விருந்துச் செலவு போதும்.

இவ்வளவையும் கேட்டபின் சிலர் மறுப்புகளை அடுக்குவார்கள். “இடமே கிடைக்காத இனத்துக்கு அயல்நாட்டுக் கனவு எதற்கு?” என்பது முதல் மறுப்பு. மெட்ரிகுலேசன் கல்வியில் 90க்குப் 10 என்னும் ஒதுக்கீடு தந்த மனப்புண் பொய்யன்று. எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’ பெறும் மாணவர் எல்லாருக்கும் இன வேறுபாடின்றி அங்கே இடம் உண்டென்று 2024-இல் அரசாங்கம் அறிவித்த பின்னரும் உரிமைக் குரல் ஓயக் கூடாது. ஆனால் பிரிட்டனும் ஜப்பானும் அமெரிக்காவும் தரும் உபகாரச் சம்பளங்களில் அந்த ஒதுக்கீடு இல்லை. மூடிய கதவைத் தட்டுவது நியாயம். திறந்த கதவைப் பாராதிருப்பது அறியாமை.

“மருத்துவமும் பொறியியலும் படிப்பவர் போகட்டும், தமிழும் வரலாறும் படிப்பவருக்கு அயல்நாட்டில் என்ன வேலை?” என்பது இரண்டாவது மறுப்பு. இதைச் சொல்பவர் பலர் தமிழ்ப் பற்றாளர்கள் என்பதுதான் வேதனை. தனிநாயகம் அடிகள் உரோமாபுரியில் இறையியல் பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைக்கு வந்தார். 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீச அகராதி, வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியிலிருந்து 1966-இல் கோலாலம்பூரில் அவரால் மறுபதிப்புக் கண்டது. அதே ஆண்டில் முதல் உலகத் தமிழ் மாநாடும் இங்கே நடந்தேறியது. பல நாட்டுக் கல்வியும் பல மொழியறிவும் இல்லாதிருந்தால் இவை கைகூடியிருக்குமா? கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு இராசராச சோழன் ஊர் வழங்கியதைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகள், நெடுங்காலம் நெதர்லாந்தில் இருந்தமையால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே பெயர் பெற்றன. கெடாவின் பழம்பெருமையை மேடையில் பேசுவோர், அதை ஆராயும் மாணவரைக் கடல் கடந்து அனுப்பத் தயங்குவது பொருந்துமா?

“போனவர் திரும்புவதில்லை” என்பது மூன்றாவது மறுப்பு. திரும்பாதோர் உண்டு. ஆயினும் விழா மேடையில் ஒருமுறை கண்டதோடு மறந்துவிட்ட சமுதாயத்தின்பால் ஒருவருக்கு என்ன கடப்பாடு தோன்றும்? ஆண்டுக்கணக்கில் தோள் கொடுத்தவர்களை மறப்பது அத்தனை எளிதன்று. அப்படியே அயல்நாட்டில் தங்கிவிட்டாலும், அடுத்துச் செல்லும் மாணவருக்கு அங்கிருந்தே வழிகாட்டலாம்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பது கடைசி மறுப்பு. ஓர் இயக்கம் நூறு மாணவருக்குத் தலைக்கு ஐந்நூறு வெள்ளி கொடுக்கிறது என்று கொள்வோர் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஐம்பதாயிரம் வெள்ளி ஒரே மாலையில் கரைகிறது. அதே தொகையில் வறிய மாணவர் பத்துப் பேருக்குத் தலைக்கு ஐயாயிரம் கொடுத்து, பட்டம் பெறும்வரை ஆளுக்கொரு வழிகாட்டியையும் அமர்த்தலாம். படங்கள் குறையும்; பட்டதாரிகள் உயர்வார்கள். உதவி பெற்று உயர்ந்தவர் ஒவ்வொருவரும் பின்னால் வரும் இருவருக்கேனும் வழிகாட்ட வேண்டும் என்பதையே உபகாரச் சம்பளத்தின் நிபந்தனையாக்கலாம். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதற்குச் செலவு ஏது?

தமிழாசிரியர்களின் பங்கு இதில் பெரிது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் பயின்று வந்த ஆசிரியர்கள் இன்று பள்ளிகள் பலவற்றில் இருக்கிறார்கள். தம் பழைய மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஆண்டில் பயில்கிறார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க எந்த அரசாணையும் தேவையில்லை. பருவத்துக்கு ஒருமுறை அவரை அழைத்து, “விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தாயா? எதற்கு விண்ணப்பித்தாய்?” என்று கேட்க ஒரு காசும் செலவில்லை. மாணவர்களும் வாய் மூடியிருத்தலைப் பணிவென்று எண்ணுவதை விட வேண்டும். கேட்பது இழிவன்று, கேளாமல் இழப்பதே இழிவு.

நட்ட அன்று தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவன் தோட்டக்காரன் ஆகான். வேர் பிடிக்கும்வரை நாள்தோறும் வருகிறவனே தோட்டக்காரன். அடுத்த பாராட்டு விழாவுக்கு மண்டபம் பதியும் இயக்கங்கள், சென்ற ஆண்டு மாலையிட்ட பிள்ளைகள் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கட்டும். அந்த விடை கையில் வந்த பின்னர் மண்டபத்தைப் பதியலாம்.