துரை போட்டா ஸ்போர்ட், நாம போட்டா வெட்டி வேலையா?

தூண்டிலோடு போறவனைப் பார்த்து "வேலை வெட்டி இல்லாத பய" என்று சொல்லாத பெருசு எங்கள் விருதுநகர் பக்கம் கிடையாது. அதே பெருசு ஊட்டிக்கு டூர் போனால், "வெள்ளைக்காரன் இங்கதான் டிரவுட் பிடிப்பானாம்" என்று வாயைப் பிளக்கும். எந்த ஊர் நியாயம் சார் இது?

டிரவுட் நம்ம மீனே இல்லை. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே சில்லென்று இருக்க வேண்டும் அதற்கு. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவர முயற்சி செய்தார், தேறவில்லை. பிறகு எச்.சி.வில்சன் வந்தார். 1907ல் அவலாஞ்சியில் பொரிப்பகம், அப்புறம் ஓடை ஓடையாக வானவில் டிரவுட். எல்லாம் மெட்ராஸ் அரசாங்கக் கணக்கில். எதற்கு? துரைமார் லீவு நாளில் தூண்டில் போட! உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த மீனும் அதில் உண்டு. (நம்ம கண்மாய் ஜிலேபியும் அதே பட்டியலில்தான். அதையும் மறைக்கவில்லை.)

சரி, அவர்கள் வித்தை என்ன? கொக்கியில் சேவல் இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவார்கள். தண்ணீரில் மிதந்தால் அது டிரை ஃப்ளை. நீரோட்டம் போகிற போக்கில் அது போக வேண்டும், இழுக்கக் கூடாது என்பது பொது விதி. அந்த விதியை உடைப்பதுதான் ஸ்கேட்டர். குட்டிக் கொக்கி, அதைச் சுற்றி நீளமான விறைப்பான இறகு. நுனியால் நின்றபடி தண்ணீர் மேலே சறுக்கி, துள்ளி, ஆடும். கீழே கிடக்கிற பெரிய மீன் பொறுக்க முடியாமல் பாய்ந்து வரும். 1930களில் அமெரிக்காவில் ஹெவிட் என்பவர் இதைப் பிரபலமாக்கினார். இன்று வரை அதைப் புகழ்ந்து எழுதுகிறார்கள்.

இப்போது நம்ம கண்மாய்க்கு வாங்க. விராலுக்குத் தவளை போடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? தாமரை இலைக்கு நடுவே தவளையை வீசி, தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி இழுப்பான். அடியில் கிடக்கிற விரால் கோபத்தில் வந்து அடிக்கும். அதே வித்தை! மீனின் பசியை விட அதன் ஆத்திரத்தை நம்புகிற வித்தை. ஒரே வித்தியாசம், இவனைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.

புத்தகம் போகட்டும். கண்மாய் மீன்பாசி ஏலம் போய்விட்டால் இவன் திருடன்! ஆறு நாள் பட்டாசு மருந்து நெடியில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்கிற சிவகாசித் தொழிலாளியின் தூண்டிலை ஒடித்துப் போட்டு விரட்டுகிறார்கள். கரை வெட்டின ஊர்க்காரனுக்கு ஒரு கொக்கி போட உரிமை இல்லை.

"ஏலம் எடுத்தவன் காசு போட்டுக் குஞ்சு விட்டிருக்கானே?" நியாயமான கேள்வி. பி.காம் படிக்கிறவன், அவன் முதலை நான் மறுக்க முடியுமா? ஆனால் வலை வேறு, தூண்டில் வேறு. வலை மூட்டை மூட்டையாக அள்ளும். தூண்டில்காரன் மாலை வரை உட்கார்ந்தால் குழம்புக்குத் தேறும், தேறாமலும் போகும்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீலகிரி டிரவுட்டுக்கு லைசென்ஸ் கொடுத்துத்தானே தூண்டில் போட விட்டார்கள்? அதையே கண்மாய்க்கும் கொண்டு வரட்டும். ஏல நிபந்தனையில் ஒரு வரி போதும்: ஆளுக்கு ஒரு தூண்டில், நாள் சீட்டு, சின்னக் கட்டணம், அதில் பாதி குத்தகைதாரருக்கு. விரட்ட ஆள் வைக்கிற கூலியும் அவருக்கு மிச்சம். தவளை பாவம் என்பவர்களுக்கு ரப்பர் தவளை கடையிலேயே கிடைக்கிறது.

துரை பொழுதுபோக்குக்காக வெளிநாட்டு மீனையே மலையேற்றியது அரசாங்கம். நம்ம ஆளுக்கு அது மீன் தர வேண்டாம். கரையில் உட்கார அரை நாள் தரட்டும்.